மூத்தாப்பாவின் வில்லுக்கத்தி குற்றவாளி அல்ல



நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னூட்டம் போட வருபவர்களுக்கு ஸலாம் மட்டும்தான் பதில்.

சில நாட்களாக நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. மேசை மேல் ஒரு சின்னக் கத்தி. பக்கத்தில் அடிமட்டம் வைத்து நீளம் காட்டியிருக்கிறார்கள். கீழே "தரம் 11 மாணவனின் பையில் பிடிபட்ட ஆயுதம்" என்று தலைப்பு. அதற்கும் கீழே நம்மவர்களின் தீர்ப்புகள். ஒரு சாரார் "இன்னொரு தீவிரவாதி வளர்கிறான், உடனே பொலிஸில் கொடுங்கள்" என்கிறார்கள். மற்றச் சாரார் "சிங்கக் குட்டி, மாஷா அல்லாஹ்" என்று கைதட்டும் பொம்மை போடுகிறார்கள்.

இரண்டு சாராரும் நமது ஆட்கள்தான். இரண்டு சாராரும் தவறு.

அந்தக் கத்தி எங்கள் கண் முன்னால்தான் பையிலிருந்து வெளியே வந்தது. ஆகவே நடந்ததைச் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. பாடசாலையையோ பிள்ளையையோ நாங்கள் பெயர் குறிப்பிட மாட்டோம். தெரிந்தவர்களும் தயவு செய்து கீழே எழுத வேண்டாம். அவனுக்கு உம்மா இருக்கிறார், தங்கச்சிமார் இருக்கிறார்கள், சில மாதங்களில் சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது.

நடந்தது இதுதான். சித்திரப் பாடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். யாரையும் மிரட்டவில்லை, யாருக்கும் காட்டிப் பெருமையடிக்கவும் இல்லை. மாட்டுக்கொம்புப் பிடி போட்ட வில்லுக்கத்தி. அலகு மூன்று அங்குலம்கூட இல்லை. பாக்குச் சாயம் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. "ஏன் மகன் இதைக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டோம். தலை குனிந்தபடி சொன்னான்: "மூத்தாப்பாட கத்தி சேர். அவர் மௌத்தாகி ரெண்டு மாசம். பொக்கட்டில இருந்தா அவர் பக்கத்தில நிக்கிற மாதிரி."

அவ்வளவுதான். இப்போது அவனுக்கு விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று பெற்றோரில் சிலரும், ஊர்ப் பெரியவர்களில் சிலரும் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். கத்தியைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டுமாம். காரணம் கேட்டால் "காலம் சரியில்லை" என்கிறார்கள்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாடசாலைக்குக் கத்தி கொண்டு வந்தது பிழை. அந்தக் கத்தி ஆயுதம் அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரியாததுதான் நமது வியாதி.

வில்லுக்கத்தி என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்கள் பலருக்கும் மறந்துவிட்டது. பிடியின் முதுகில் ஓர் உருக்குப் பட்டை இருக்கும். அதுதான் வில்லு. அலகின் அடியை அது அமுக்கிக்கொண்டிருப்பதால் விரித்தால் விரிந்து நிற்கும், மடித்தால் மடிந்து நிற்கும். இடையில் பூட்டு எதுவும் கிடையாது. அதாவது அந்தக் கத்தியால் ஒருவனைக் குத்தப் போனால், அலகு திரும்பி மடிந்து குத்தியவனின் விரலைத்தான் முதலில் அறுக்கும். பாக்குச் சீவ, உரப்பையின் நூலை அறுக்க, வலைக் கயிற்றைத் துண்டிக்க, மாங்காய் வெட்ட, நகம் எடுக்க என்று செய்யப்பட்ட சாமான் அது. இதை ஆயுதம் என்று அடிமட்டம் வைத்துப் படமெடுத்தவர், ஒரு தடவை அதைத் தன் கையில் விரித்துப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

நமது கிழக்கில் வட்டைக்குப் போகிற விவசாயிக்கும், தோணியில் போகிற மீனவருக்கும், சந்தையில் வெற்றிலை அடுக்கி வைத்திருந்தவருக்கும் அது சாவிக்கொத்து மாதிரி. சாரத்துக்கு மேலே அகலப் பட்டி கட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பட்டியின் பொக்கட்டில் காசு ஒரு பக்கம், வில்லுக்கத்தி ஒரு பக்கம். காலையில் சாரம் உடுத்தால் பட்டி, பட்டி கட்டினால் கத்தி. கல்யாண வீட்டில் வட்டாவைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால், பாக்குவெட்டி கை மாறி வரும்வரை பொறுமை இல்லாதவர் மடியிலிருந்து வில்லுக்கத்தியை எடுப்பார். யாரும் பயந்து எழுந்து ஓடவில்லை. அந்தக் கத்திகள் நமது ஊர்களில் பல சந்ததிகளாக நடமாடியிருக்கின்றன. அவற்றைக் கண்டு பயப்பட நமக்கு எப்போது யார் படிப்பித்தது?

எப்போது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

2019 ஏப்ரல் 21. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் நமது பெயர்களைச் சுமந்தவர்கள். கொல்லப்பட்டவர்களுக்காக அன்றும் அழுதோம், இன்றும் வெட்கப்படுகிறோம். அதன் பின் வீடு வீடாகச் சோதனை நடந்தது. மே மாத முதல் வாரத்தில் பொலிஸார் ஓர் அறிவித்தல் விடுத்தார்கள்: வாள்களையும் கூரிய கத்திகளையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள் என்று. அதே அறிவித்தலில், அன்றாட வேலைக்குப் பயன்படும் கத்திகளுக்கு இது பொருந்தாது என்ற கருத்தும் இருந்தது.

அறிவித்தலின் முதல் பாதியை நாம் எல்லோரும் கேட்டோம். இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை.

கேட்கிற நிலையிலும் நாம் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பை உடுத்ததற்காக ஒரு பெண் கைதாகி விளக்கமறியலில் கிடந்த மாதம் அது. அப்படிப்பட்ட காலத்தில் பயந்தவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. நாங்களும் பயந்தோம். தேங்காய் வெட்டும் கத்தியை எங்கே வைப்பது என்று உம்மாமார் இரவெல்லாம் யோசித்தார்கள். சிலர் கிணற்றில் போட்டார்கள். சிலர் சாக்கில் சுற்றி ஆற்றில் விட்டார்கள். வெற்றிலைத் தட்டத்தோடு பாக்குவெட்டியையும் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதத்தில் பயந்தது தவறு இல்லை. இத்தனை வருடங்கள் கழித்தும் அதே பயத்தை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கி வைப்பதுதான் தவறு. அன்று சோதனைக்கு வந்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். இன்று சோதனை போடுபவர்கள் நாமே. படம் எடுத்ததும் நாமே. தலைப்பு எழுதியதும் நாமே. அந்தப் படம் நாளைக்கு யாருடைய பக்கத்தில், எந்த மொழியில், என்ன தலைப்போடு வரும் என்று பகிர்ந்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்தார்களா?

இனி மற்றப் பக்கம். கைதட்டுகிற பக்கம்.

இப்போது நமது பொடியன்மார் சிலரிடம் வேறு விதமான மடக்குக் கத்திகள் இருக்கின்றன. ஒன்லைனில் வாங்குகிறார்கள். பித்தானை அமத்தினால் பாய்ந்து விரிகிறது. விரிந்தால் பூட்டிக்கொள்கிறது. அலகில் மண்டையோடு, பிடியில் வலுசர்ப்பம். டியூசன் முடிந்து கடற்கரையில் நின்று அதைச் சுழற்றி வீடியோ எடுத்து டிக்டொக்கில் போடுகிறார்கள். "தினமும் கொண்டு திரிகிற சாமான்கள்" என்று கடிகாரம், பேர்ஸ், கத்தி மூன்றையும் அடுக்கிப் படம் போடுவது ஒரு நாகரிகமாம். கேட்டால் "நமது முன்னோரும் கத்தி வைத்திருந்தார்கள்தானே சேர்" என்று பதில்.

தம்பிமாரே, முன்னோரை இழுக்காதீர்கள். உங்கள் மூத்தாப்பாவின் இடுப்பில் கத்தி இருந்தது உண்மை. அந்தக் கத்திக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் வயல் இருந்தது, வலை இருந்தது, மாடு இருந்தது. வேலை கத்தியைக் கேட்டது, அவர் கொண்டு திரிந்தார். உங்கள் கத்திக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பார்சல் பிரிக்கவா? அதற்குக் கடையில் கத்தரிக்கோல் இருக்கிறது. மூத்தாப்பாவிடம் "இது எதுக்கு?" என்று கேட்டால் ஒரு பாக்கைச் சீவிக் காட்டுவார். சோதனைச் சாவடியில் அதே கேள்வியை உங்களிடம் கேட்டால் என்ன காட்டுவீர்கள், டிக்டொக் வீடியோவையா?

இங்கிலாந்துச் சட்டத்தில்கூட இந்த வித்தியாசம் இருக்கிறது. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, மடிகிற, பூட்டாத அலகுள்ள கத்தியைப் பொக்கட்டில் வைத்திருக்கலாம். பூட்டிக்கொள்ளும் கத்தியை, நீளமான கத்தியைப் பொது இடத்தில் வைத்திருந்தால் நியாயமான காரணம் காட்ட வேண்டும். கத்தி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, எதற்காகக் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்ப்பதுதான் அறிவு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுவது பயம்.

"மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்பீர்கள். கூரான பொருளை எடுத்துச் செல்வதற்கு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒழுக்கம் கற்றுத் தந்திருக்கிறார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி: பள்ளிவாசல் வழியாகவோ சந்தை வழியாகவோ அம்புகளோடு போகிறவர், யாரிலும் பட்டுக் காயப்படுத்தாதபடி அவற்றின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அபூதாவூதில், உறையிலிருந்து உருவிய வாளை அப்படியே கைமாற்றுவதற்குத் தடை வந்திருக்கிறது. விளையாட்டுக்குக்கூட சகோதரனை நோக்கி இரும்பை நீட்டுகிறவனுக்கு மலக்குகளின் சாபம் உண்டு என்ற எச்சரிக்கை முஸ்லிமில் இருக்கிறது. உழ்ஹிய்யா நேரத்தில் எல்லா குத்பாவிலும் கேட்கிறோமே, அறுப்பவர் கத்தியை நன்றாகத் தீட்டி மிருகத்துக்குச் சிரமமில்லாமல் செய்ய வேண்டும் என்று. அதுவும் அதே கிரந்தத்தில்தான்.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இரும்பைத் தொடாதே என்று எங்கேயும் இல்லை. இரும்பைக் கொண்டு மற்றவனைப் பயமுறுத்தாதே, அது உன் கையில் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கடற்கரையில் கத்தி சுழற்றுகிற தம்பிமார் அந்த மலக்குகளின் செய்தியை ஒரு தடவை உட்கார்ந்து வாசிக்கட்டும். கத்தி என்றாலே நடுங்குகிற பெரியவர்கள் அம்பின் செய்தியை வாசிக்கட்டும். அம்போடு பள்ளிக்குள் வந்தவரை வெளியே துரத்தச் சொல்லவில்லை. முனையைப் பிடிக்கத்தான் சொல்லப்பட்டது.

வேறொரு நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு காலத்தில் ஹிகோனோகாமி என்ற சின்ன மடக்குக் கத்தியைப் பொக்கட்டில் வைத்திருந்தார்கள். பென்சில் சீவ, மூங்கிலில் விளையாட்டுச் சாமான் செய்ய. 1960 ஒக்டோபர் 12ஆம் திகதி டோக்கியோவில் சோஷலிசக் கட்சித் தலைவர் அசனுமாவை, மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் பாவித்தது ஒரு குட்டை வாள். பிள்ளைகளின் கத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பிள்ளைகளின் கையில் கத்தி கொடுக்காதீர்கள் என்று நாடு முழுக்க ஓர் இயக்கம் எழுந்தது. பொக்கட்டுகளிலிருந்து ஹிகோனோகாமி மறைந்தது. அதைச் செய்துகொண்டிருந்த மிகி நகரத்துப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பென்சில் சீவத் தெரியாத பிள்ளைகள் வளர்கிறார்களே என்று பிறகு அதே நாட்டில் கவலைப்பட்டார்கள். வாள் செய்த குற்றத்துக்குப் பென்சில் கத்தி தண்டனை வாங்கியது. நமது ஊரில் இப்போது நடப்பதும் அதுதான்.

பென்சில் என்றதும் இன்னொன்று. கத்திக்கும் கல்விக்கும் தூரம் என்று நினைக்காதீர்கள். ஏட்டில் எழுதிய காலத்தில் ஓலையை வாரக் கத்தி வேண்டும். எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடிகிற சாமான்கள் இருந்தன. அறபு எழுத்தணிக் கலைஞர்கள் நாணல் கலத்தின் முனையைச் சீவுவதற்கென்றே தனிக் கத்தி வைத்திருந்தார்கள். கலம் எவ்வளவு மதிப்புக்குரியது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் இறங்கிய வஹீயிலேயே அது பேசப்படுகிறது. கத்தியைப் பிடிக்கத் தெரியாதவனின் கையில் கலமும் நிற்கவில்லை. பேனாக்கத்தி என்ற சொல்லே அந்த உறவைச் சொல்கிறது.

அந்தப் பிள்ளையின் கத்தியைப் பற்றி இன்னொரு விடயம். அதை அவனுடைய மூத்தாப்பா கடையில் வாங்கவில்லை. பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கொல்லர் ஒருவர், பழைய லொறியின் ஸ்பிரிங் தகட்டைக் காய்ச்சி அடித்துச் செய்து கொடுத்தது என்று அவனுடைய உம்மா சொன்னார். கூலியாகக் காசும் கொடுத்து, அறுவடைக்கு நெல்லும் கொடுத்திருக்கிறார்கள். 1990க்குப் பிறகு அந்தப் பட்டறைக்குப் போக்குவரத்து நின்றுபோனது. ஏன் நின்றது என்று நமது வயதுக்காரர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த வருடத்தில் இரண்டு பக்கத்திலும் மையித்துகள் விழுந்தன. அவ்வளவு நடந்த பிறகும் அந்த மனிதர் கொல்லரின் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்து வீசவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அதே கத்தியால் பாக்குச் சீவினார். தமிழரும் முஸ்லிமும் ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்து வாங்கி வாழ்ந்ததற்கு எழுத்தில் இல்லாத சாட்சி அது. யுத்தம் அழிக்காத அந்தச் சாட்சியைப் பொலிஸ் நிலைய அலுமாரியில் துருப்பிடிக்க விடச் சொல்கிறீர்கள்.

சேகரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்மைக் காலமாகப் பழைய கத்தி, பாக்குவெட்டி, படிக்கம், வட்டா தேடி ஊர் ஊராகச் சிலர் திரிகிறார்கள். விதவைத் தாய்மாரிடம் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, மண்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, படம் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. பாக்கின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து வருடக்கணக்கில் படிந்த நிறம். அதைத் தேய்த்து எடுத்தால் அந்த மனிதரின் வாழ்நாளைத் தேய்த்து எடுப்பது போல. யார் செய்தது, யார் பாவித்தது, எந்த வட்டையில் திரிந்தது என்று ஒரு வரி எழுதி வைக்காமல் நூறு கத்தி சேர்த்தாலும் அது பழைய இரும்புக் கடைதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? வெறுமனே ஏசிவிட்டுப் போகிற பதிவு இல்லை இது.

ஒன்று. அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது. கத்தியை அவனுடைய உம்மாவின் கையில் கொடுத்து, "வீட்டில் வையுங்கள், பாடசாலைக்கு வரக் கூடாது" என்று சொன்னால் போதும். அவனுக்கும் அது விளங்கும். விளங்காத பிள்ளை இல்லை அவன்.

இரண்டு. படத்தைப் பகிர்ந்தவர்கள் அழியுங்கள். பிள்ளையின் வீட்டுக்குப் போய் அந்த உம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று. பெற்றோரே, பிள்ளைகளின் பைகளைப் பாருங்கள். பாய்ந்து விரிகிற கத்தி இருந்தால் வாங்கி உடைத்துப் போடுங்கள். மாணவர் கையில் எந்தக் கத்தியும், மூத்தாப்பாவுடையதாக இருந்தாலும், பாடசாலை வாசலைத் தாண்டக் கூடாது. இதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

நான்கு. கத்தி பிடிக்கப் படிப்பியுங்கள். தரம் ஆறு முதல் ஒன்பது வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கரும்பலகையிலேயே முடித்துவிடுகிறோம் என்பது ஆசிரியர்களாகிய எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம். வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் மீன் வெட்ட, வெங்காயம் அரிய, கத்தி தீட்ட, தீட்டிய கத்தியைப் பிடிப் பக்கமாக நீட்டிக் கொடுக்கப் பழக்குங்கள். வேலைக்குக் கத்தி பிடித்த கைக்கு விளையாட்டுக்குச் சுழற்ற மனம் வராது.

ஐந்து. வீட்டில் பழைய வில்லுக்கத்தியோ பாக்குவெட்டியோ இருந்தால் விற்காதீர்கள், புதைக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி வையுங்கள். யாருடையது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை ஒன்றை அமைத்தார்கள். நமது ஊரில் பள்ளிவாசல் நிர்வாகமும் நூலகமும் சேர்ந்து ஒரு கண்ணாடி அலுமாரியாவது வைக்க முடியாதா? சாமான்களைப் பதிந்து, பெயர் எழுதி, பகிரங்கமாக வைத்தால் சந்தேகப்பட எதுவும் இருக்காது. ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும்.

இந்தக் கிழமை அந்தப் பிள்ளையின் விடயம் கூட்டத்தில் எடுக்கப்படும். நாங்கள் அங்கே எழுந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் பேசுங்கள். வட்ஸ்அப்பில் அல்ல, நேரில் வந்து.

தன் மூத்தாப்பாவை ஞாபகம் வைத்திருந்ததற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்றது என்று நாளைக்கு இந்த ஊரைப் பற்றி யாரும் சொல்லக் கூடாது. அல்லாஹ் அந்தப் பெரியவரின் கப்றை விசாலமாக்கி வைப்பானாக. நமது பிள்ளைகளின் கைகளைத் தீங்கிலிருந்தும், நமது நாவுகளை அவசரத்திலிருந்தும் காப்பானாக. ஆமீன்.